படகுக்குப் பாலிஷ் மிஷின் வாங்கப் போகிறீர்களா?

பால்மரத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், உங்களுக்கே விளங்கும்.

லுக்குட், சிலியாவ், சுவாபெத்தோங், லிங்கி என்று போர்ட்டிக்சனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று கடற்கரைப் பக்கம் பிழைப்பைத் தேடிப் போகிறார்கள். ஓட்டல் வேலை, ஜாகா வேலை, கார் கழுவும் வேலை எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். படகுக்குப் பாலிஷ் போடுவதும் ஒரு தொழில், அதிலும் சோறு கிடைக்கும் என்பது பல வீடுகளுக்கு இன்னும் தெரியாது. நான் அதில் இருபது வருஷத்துக்கு மேல் கைதேய்த்தவன். என் தாய் தகப்பன் இருவரும் பால்வெட்டு. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் நாங்கள் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். படகு கழுவும் ஆளாகச் சேர்ந்தேன். கழுவுகிறவன் கையில் ஒருநாள் பாலிஷ் மிஷினைக் கொடுத்தார்கள். அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

என்னிடம் வந்து, "எந்த மிஷின் வாங்கலாம்? எந்தப் பேட் நல்லது?" என்று கேட்காத வாரம் இல்லை. கேட்கிறவர்களில் பாதிப் பேர் தாய்மார்கள், பிள்ளைக்காகக் கேட்கிறவர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் படகின் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மிஷின் வாங்குவது, மரத்தைப் பார்க்காமல் கத்தி தீட்டுகிற கதைதான். இப்போது நம் கடற்கரையில் மிதக்கிற உல்லாசப் படகுகளில் பெரும்பாலானவையும், மீன்பிடிக்கிற சம்பான்களில் பலவும் ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடி நாரால் செய்தவை. நாரைப் பிசினில் ஊறவைத்து, அச்சில் படியவைத்துச் செய்கிறார்கள். அந்த நாருக்கு வெளியே வழுவழுப்பாக, வெள்ளையாகவோ நீலமாகவோ ஒரு பூச்சு இருக்கிறதே, அதற்குத்தான் ஜெல்கோட் என்று பெயர். பார்த்தால் சாயம் மாதிரி இருக்கும். ஆனால் அது சாயம் இல்லை, கெட்டிப்பட்ட பிசின். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். படகைச் செய்த அன்று எவ்வளவு பூசினார்களோ அவ்வளவுதான். மரப்பட்டை மாதிரி திரும்ப வளராது.

இந்த ஜெல்கோட்டுக்கு எதிரி வெயில். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பிசினின் மேல்முகத்தை அரித்துவிடும். பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறிவிடும். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், வெள்ளை மாவு ஒட்டும். அந்த மாவு செத்த தோல். அதைச் சீவி எடுத்தால் அடியில் உயிருள்ள, மின்னுகிற ஜெல்கோட் கிடைக்கும். பாலிஷ் போடுவது என்பது, உள்ளபடி சொன்னால், சீவி எடுப்பதுதான். மேலே ஏதோ தடவி மினுக்குகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது பால்மரத்துக்கு வருகிறேன். நம் தாய் தகப்பன் பால் வெட்டியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம் விழும். ஆறிய இடத்தில் பட்டை மொட்டு மொட்டாகப் புடைத்து வரும், அப்புறம் அங்கே கத்தி ஓடாது. மண்டோர் வந்து காயத்தை எண்ணிவிட்டுப் போவார். மெல்லிசாகச் சீவவும் வேண்டும், பட்டையை மிச்சப்படுத்தவும் வேண்டும். அந்தக் கைதான் படகுக்கும் தேவை. அரை மில்லிமீட்டர் தோலை ஒரே வருஷத்தில் முரட்டுத்தனமாகத் தேய்த்துவிட்டால், பிறகு நார் தெரியும். நார் தெரிந்த படகுக்குப் பாலிஷ் உதவாது. புதிதாக ஜெல்கோட் பூசவோ, சாயம் அடிக்கவோ வேண்டும். அந்தச் செலவுக்கு முதலாளி நம்மைத்தான் பார்ப்பார்.

ஆகவே மிஷின் வாங்கப் போகிறவர்கள் "இது எவ்வளவு வேகம் ஓடும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எவ்வளவு மெதுவாக ஓடும்?" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

நம் பையன்களில் சிலர் வீட்டில் இருக்கிற நாலு அங்குலக் கிரைண்டரில் ஒரு பேட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கிரைண்டர் என்பது இரும்பு அறுக்கப் பிறந்தது. நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு அங்குலப் பேட்டின் விளிம்பு ஒரு சுற்றுக்கு ஓர் அடிக்குச் சற்று மேலே ஓடுகிறது. 11,000 சுற்றுக்கு, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம்! நெடுஞ்சாலையில் எந்தப் பேருந்தும் ஓடாத வேகம். ஜெல்கோட் அங்கே நொடியில் காந்திப்போகும், மஞ்சளாகும். பேட் பிய்ந்து முகத்தில் அடித்தாலும் அடிக்கும். பாலிஷ் மிஷினில் ஏழு அங்குலப் பேட்டை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓட்டினால் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதுவே போதும், தாராளம்.

ரோட்டரி என்று சொல்கிற வட்டச் சுழல் மிஷின்கள் பொதுவாக 600 சுற்றிலிருந்து 3,000 சுற்றுவரை போகும். எடுத்துக்காட்டாக, நான் வைத்திருக்கும் மக்கீத்தா 9227 அந்த ரகம். ஏழு அங்குலம், 1,200 வாட், எடை மூன்று கிலோ. அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேறு நல்ல கம்பெனிகளும் இருக்கின்றன. கடையில் மூன்று காரியம் பாருங்கள். மிகக் குறைந்த எண்ணில் வைத்து முடுக்கினால் மிஷின் கையில் துள்ளாமல் மெல்ல எழ வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டை ஒரு பலகையில் லேசாக அழுத்தினால் வேகம் படுத்துவிடக் கூடாது, அதே சுற்றில் பிடித்து நிற்க வேண்டும். மலிவு மிஷின்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்றுப்போகும். மெதுவாக வைத்தால் நின்றுவிடும், நிற்காமலிருக்க வேகத்தைக் கூட்டினால் படகு காந்தும். மூன்றாவது, எடை. படகின் பக்கச்சுவர் தலைக்கு மேலே இருக்கும். மூன்று கிலோவைத் தோளுக்கு நேரே தூக்கிப் பிடித்து அஞ்சு நிமிஷம் நின்று பாருங்கள். கடையில் இருப்பவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. நாள் முழுக்கப் பிடிக்கப் போகிறவர் நீங்கள்தானே!

இன்னொரு வகை மிஷின் உண்டு. சுற்றவும் செய்யும், அதே நேரத்தில் அசைந்தாடவும் செய்யும். டூயல் ஆக்ஷன் என்பார்கள். சூடு குறைவு, பேட் ஓடிய வளையம் வளையமான தடம் விழாது, புதியவர் கையிலும் ஆபத்து குறைவு. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் வெளிறிப்போன பழைய படகை அது சீவி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கருநீலப் படகுக்குக் கடைசி மெருகு கொடுக்க அது அருமையான மிஷின். முதல் மிஷினாக வாங்க நான் சொல்லமாட்டேன். வருமானம் வந்த பிறகு இரண்டாவதாக வாங்கிக்கொள்ளலாம்.

காருக்குப் பாலிஷ் போட்டுப் பழகிய பையன்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். "காருக்கு டூயல் ஆக்ஷன்தானே எல்லோரும் பாவிக்கிறார்கள்?" என்பார்கள். உண்மை. ஆனால் காரின் மேல்பூச்சு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இருக்குமோ என்னவோ, ஒரு தலைமயிர்க் கனம் வராது. ஜெல்கோட் அதைப்போலப் பத்து மடங்கு கனம். வெயிலில் செத்த பகுதியும் அதற்குத் தக்கபடி ஆழமாக இருக்கும். இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, இப்போது பேட். சொன்னால் நம்பமாட்டீர்கள், மிஷினைவிடப் பேட்தான் வேலையைத் தீர்மானிக்கிறது.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு இரண்டு படகு பாலிஷ் போடும் வேலை குத்தகையாகக் கிடைத்திருக்கிறதாம். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பளபளவென்று ஒரு மிஷின், அதைச் சுற்றி மஞ்சள், நீலம், ஆரஞ்சு, கறுப்பு என்று முப்பது பேட்கள், பூச்சரம் மாதிரி பரப்பி வைத்திருந்தார்கள். தவணையில் கொடுக்கிறார்களாம். முன்பணத்துக்குக் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைக்கப் போவதாகச் சொன்னார். "அண்ணே, இதைத்தானே வாங்கணும்? நெறய பேட் தர்றான் பாருங்க" என்றார்.

2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பேர்பெற்ற கம்பெனியின் மிஷின் ஒன்று வாங்கினால் அதில் பாதி அளவுக்குப் போய்விடலாம். தோட்டத்துக் குடும்பத்துக்கு இது விளையாட்டுக் காசு இல்லை. ஆகவே அந்த அம்மாவிடம் நேராகவே சொன்னேன். "சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்மா. அந்த முப்பதில் படகுக்கு உதவக்கூடியது மூன்றோ நாலோதான். பையனை என்னிடம் அனுப்புங்கள். என் பழைய மிஷினை ஒரு மாதம் எடுத்துக்கொண்டு போகட்டும். கம்பளிப் பேட் இரண்டு மட்டும் அவன் காசில் வாங்கட்டும்."

அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. முப்பது பேட்டை விட்டுவிட்டு இரண்டு பேட்டா? ஆனாலும் பையன் மறுநாள் வந்தான். நல்ல பிள்ளை, கேட்கிற கேள்வி சரியாக இருந்தது.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஜெல்கோட்டுக்கு முதல் பேட் ஆட்டு ரோமத்தால் செய்த கம்பளிப் பேட். ரோமத்தை நூலாக முறுக்கிச் செய்தது ஒன்று, முறுக்காமல் புசுபுசுவென்று விட்டது ஒன்று. முறுக்கியது நன்றாகச் சீவும், வெளிறிய படகின் முதல் சுற்றுக்கு அதுதான். முறுக்காதது மென்மை, இரண்டாம் சுற்றுக்கு. ஸ்பாஞ்சுப் பேட் கடைசி மெருகுக்கு. ஸ்பாஞ்சு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளியின் இழைகளுக்கிடையே காற்று ஓடும். நம் ஊர் வெயிலில் இந்த வித்தியாசம் பெரிது. ஸ்பாஞ்சின் வண்ணத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியில் மஞ்சள் என்றால் முரடு, இன்னொரு கம்பெனியில் மஞ்சள் என்றால் வேறு. உறைமேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், விரலால் அமுக்கிப் பாருங்கள்.

பேட்டை மாட்டும் தட்டு என்று ஒன்று இருக்கிறது. அதன் திருகுமரை எல்லா மிஷினுக்கும் ஒன்றுபோல இருக்காது. 14 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர், அமெரிக்க அங்குலக் கணக்கு என்று மூன்று நான்கு வகை. இணையத்தில் வாங்கிவிட்டு, பொருந்தாமல் அலைகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மிஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், தட்டைத் திருகிப் பார்த்து வாங்குவதுதான் புத்தி.

ஒரு பேட்டுக்கு ஒரு மருந்து. முரட்டுக் காம்பவுண்ட் பட்ட கம்பளியில் மெல்லிய பாலிஷை வைத்தால், இரண்டு வேலையும் கெட்டுப்போகும். இருபத்துநாலு அடிப் படகுக்கு முறுக்குக் கம்பளி இரண்டு, மென்கம்பளி ஒன்று, ஸ்பாஞ்சு ஒன்று இருந்தால் காலத்தை ஓட்டலாம். கம்பளியில் காம்பவுண்ட் காய்ந்து கட்டியாகிவிட்டால் அது சீவாது, கீறும். அதைக் கோதிவிட, பல் வைத்த சின்ன சக்கரக் கருவி ஒன்று விற்கிறார்கள். மலிவுதான், கட்டாயம் வாங்குங்கள்.

வேலை தொடங்குமுன் படகை நன்றாகக் கழுவி உப்பைப் போக்க வேண்டும். பிறகு கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் பளபளப்பு திரும்பி வந்தால் பாலிஷால் தேறும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் முதலில் வாட்டர் பேப்பர் போட வேண்டியிருக்கும், அது அனுபவசாலி கைக்கு விட வேண்டிய காரியம். ஒரு மூலையில் ஒரு சாண் இடத்தை மட்டும் மென்மையான பேட், மென்மையான மருந்து வைத்து முயலுங்கள். அது போதாவிட்டால்தான் முரட்டுக்குப் போவது. எடுத்த எடுப்பில் முரட்டுப் பேட்டைப் போடுகிறவனுக்குத் தோலின் அருமை தெரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு அடிக்கு இரண்டு அடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மருந்தை 600 சுற்றில் பரப்பி, 1,200 முதல் 1,500 சுற்றுக்குள் சீவுங்கள். மிஷினின் எடையே போதும், மேலே சாய்ந்து அழுத்த வேண்டாம். அடிக்கடி புறங்கையை வைத்துப் பாருங்கள். கை வைக்கமுடியாத சூடு என்றால் நிறுத்துங்கள், அல்லது கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓரங்களிலும் முனைகளிலும் ஜெல்கோட் மெலிந்திருக்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் கையாலேயே தேய்த்து முடியுங்கள். பேட் சுற்றுகிற திசை ஓரத்தைவிட்டு வெளியே போவதாக இருக்க வேண்டும். ஓரத்துக்குள் மோதினால் கையிலிருந்து மிஷினையே பிடுங்கும். எல்லாம் முடிந்தபின் மெழுகு. மெழுகு போடாமல் விட்ட படகு இந்த வெயிலில் சீக்கிரமே பழையபடி வெளிறத் தொடங்கும். அப்புறம் மறுபடி சீவ வேண்டும், மறுபடி தோல் தேயும்.

நீர்மட்டத்துக்குக் கீழே சிவப்பாகவோ கறுப்பாகவோ பூசியிருப்பார்களே, அதில் மட்டும் மிஷினை வைக்காதீர்கள். அது சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசுகிற நஞ்சு. முன்பு அதில் வெள்ளீயம் சேர்ந்த கொடிய நஞ்சு ஒன்று இருந்தது. 2001-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு, அது 2008-இல் நடைமுறைக்கு வந்து, அந்த வகை தடைசெய்யப்பட்டது. இப்போது பெரும்பாலும் செம்பு சேர்ந்தது. அதன் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. மற்ற இடத்தில் வேலை செய்யும்போதும் மூக்குக் கவசம், கண்ணாடி இரண்டும் போடச் சொல்லுங்கள். தாய்மார்களே, உங்கள் பேச்சைத்தான் அவர்கள் கேட்பார்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு கலங்கும். 240 வோல்ட் மிஷின், ஈரத் தரை, பக்கத்தில் உப்புத் தண்ணீர். ஒயரில் வெடிப்பு இருந்தால் பாலிஷும் வேண்டாம், பணமும் வேண்டாம். மிஷினில் சிரிம் முத்திரை இருக்கிறதா பாருங்கள். நீள ஒயரை எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உள்ள பிளக்கில்தான் மாட்ட வேண்டும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடுகிற வகை. ஒயரைத் தோளுக்கு மேலே போட்டுக்கொண்டு வேலை செய்தால் அது பேட்டிலும் சிக்காது, தண்ணீரிலும் கிடக்காது. சொந்தமாகக் குத்தகை எடுக்கிறவர்கள் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்வோருக்கான சொக்சோவில் பதிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் விழுந்தால் ஆஸ்பத்திரி செலவுக்கு நிர்வாகம் இருந்தது. இங்கே விழுந்தால் நாம்தான்.

ரந்தாவ் அம்மாவின் மகன் முதல் படகை முடிக்க ஒன்பது நாள் எடுத்தான். இரண்டாவதை ஆறு நாளில் முடித்தான். அந்தக் கூலியில் கடனில்லாமல் சொந்த மிஷின் வாங்கினான். கடையில் தோளுக்கு நேரே தூக்கிப் பிடித்து நின்றானாம், கடைக்காரர் சிரித்தாராம். என் பழைய மிஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கார்பன் புருசை மாற்றிக் கொண்டுவந்திருந்தான். கேட்காமலே மாற்றியிருந்தான், அது எனக்குப் பிடித்திருந்தது. முப்பது பேட் விஷயத்தை அந்த அம்மா இன்னும் மறக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "அத்தனையும் சும்மா குடுத்தானேண்ணே" என்பார்.

கடைசியாக, பேட்டைக் கழுவுகிற விதம். இது வீட்டில் சண்டை வரக்கூடிய இடம். எங்கள் வீட்டிலும் துணி துவைக்கும் மிஷினில் கம்பளிப் பேட்டைப் போட்டதற்கு ஒரு நாள் முழுக்கப் பேச்சு நடந்தது. பள்ளிச் சட்டையிலெல்லாம் ஆட்டு ரோமம்! ஆகவே ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கையால் கசக்குங்கள். கொதிநீர் வேண்டாம், ரோமம் சுருங்கும், தட்டில் ஒட்டும் பசை விட்டுப்போகும். அலசியபின் மிஷினில் மாட்டி, ஒரு வாளிக்குள்ளேயே வைத்து 600 சுற்றில் சில நொடி சுற்றினால் தண்ணீர் உதறிவிடும். ரோமம் மேலே பார்க்கும்படி நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த மருந்துக்கு என்று மேலே எழுதி வையுங்கள்.